கண்ணாடிக்குத் தண்ணீர் வராத காலை

தசரா முடிந்த மறுநாள், நகரத்தின் மறுகோடியில் இருக்கும் பிம்ப்ரியில் எனக்குப் புது வேலை. எங்கள் வீடு இருக்கும் மகர்பட்டாவிலிருந்து அவ்வளவு தூரமும் தன்னந்தனியாக நானே கார் ஓட்டிப் போவேன் என்று வீட்டில் வீறாப்பாகச் சொல்லியிருந்தேன். முதல் நாளே வாடகை வண்டியில் ஏறினால் அப்புறம் ஸ்டியரிங் என் கைக்கு வரவே வராது. என் கணவரை எனக்குத் தெரியாதா?

கிளம்புகிற நேரம் பார்த்து முன்கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்கவில்லை. ஸ்டியரிங் பக்கத்துக் குச்சியை இழுத்தால் மோட்டார் முனகியது, வைப்பர் வறட்டுவறட்டென்று தேய்த்தது, ஒரு சொட்டு இல்லை. ராத்திரி மழை வேறு பெய்திருந்தது. வழியில் லாரிகள் சேற்றை வாரியடித்தால் எதிரே ஒன்றும் தெரியாது.

கணவர் எட்டிப் பார்த்தார். “ரெஹனே தோ, விடு. கேப் புக் பண்ணிக்கலாம்.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “ஒண்ணும் வேண்டாம். பானெட்டைத் திறங்க.”

தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. மோட்டார் முனகுவதால் ஃபியூஸ் மீதும் பழி போட முடியாது. பானெட்டுக்கு அடியில் போகும் மெல்லிய குழாயை உருவிப் பிடித்துக்கொண்டு, அவரைக் குச்சியை இழுக்கச் சொன்னேன். சர்ரென்று என் புதுச் சுடிதாரில் அடித்தது. எரிச்சலிலும் ஒரு சந்தோஷம், தண்ணீர் இதுவரை வருகிறதே! அப்படியானால் அடைப்பு பீய்ச்சுகிற முனையில்தான்.

குழாயைச் செருகி பானெட்டை மூடிவிட்டுக் குனிந்து பார்த்தேன். கண்ணாடிக்குக் கீழே இருந்த இரண்டு முனைகளிலும் சந்தனம், நடுவே குங்குமம், காய்ந்து கெட்டித்துக் கிடந்தது. ஆயுத பூஜைக்கு மிக்ஸியிலிருந்து வாஷிங் மெஷின் வரை பொட்டு வைப்பது எங்கள் வீட்டில் அவர் பொறுப்பு.

“இதுலயுமா வைப்பீங்க?” துப்பட்டாவிலிருந்து ஊக்கைக் கழற்றி நோண்டத் தொடங்கினேன்.

அவர் பானெட்டைத் துடைத்தபடி சொன்னார். “எப்பவும் இங்க வைக்கிறதில்ல. நீ தனியாப் போறேன்னியா, பயமா இருந்துச்சு. அதான் கூட ரெண்டு வச்சேன்.”

என் ஓட்டுதலில் நம்பிக்கையில்லாத மனிதர் என்று ஒரு வாரமாக அவரை முறைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு முனைகளையும் நோண்டி முடித்து, ஊக்கைத் துப்பட்டாவில் திரும்பக் குத்திக்கொண்டேன். உள்ளே உட்கார்ந்து குச்சியை இழுத்தேன். மஞ்சளாகத் தண்ணீர் சீறி, பிறகு தெளிந்தது.

“சேந்ததும் போன் பண்ணு” என்று சொல்லிவிட்டு, காரை விட்டு அவரே விலகி நின்றார்.