பத்தாயத்தில் தட்டிய நாழி

என் கட்டில் தலைமாட்டில் நெல் அளக்கும் மர நாழி ஒன்று இருக்கிறது. வாய்க்குப் பித்தளைப் பூண். அடிப்பக்கம் ஒருபுறமாகத் தேய்ந்திருக்கும். அது நெல் அளந்து தேய்ந்ததல்ல, நான் தட்டித் தட்டித் தேய்த்தது. இந்த வீட்டில் இப்போது அளக்க நெல்லும் இல்லை, போட்டு வைக்கப் பத்தாயமும் இல்லை. ஆனாலும் பேத்தி இதைப் பரணில் போடப் போனபோது நான் போட்ட கூச்சலில் பிள்ளை பயந்தே போனாள்.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகி ஓரிரு வருடம் ஆகியிருந்தது. எனக்குப் பதினான்கு வயது. பெரியவளாகிவிட்டேன் என்று பள்ளிக்கூடத்தை நிறுத்தியிருந்தார்கள். சும்மா இருக்கச் சொன்னால் எனக்கு அன்றும் இன்றும் ஆகாது. அண்ணனின் எட்டு மாதப் பிள்ளைதான் கையில் கிடைத்தான். தேங்காய்ச் சிரட்டையில் புளியங்கொட்டை போட்டுத் துணி கட்டிக் குலுக்குவேன். உருளித் தண்ணீரில் அவன் கையை அடிக்க விடுவேன், தவிட்டில் காலை அளைய விடுவேன், வாழைத்தண்டைக் கன்னத்தில் ஒற்றுவேன். எல்லாவற்றுக்கும் சிரிப்பான். முதுகுக்குப் பின்னால் குலுக்கும்போது மட்டும் சிரிக்க மாட்டான். அதை நான் கவனிக்கவில்லை. அண்ணன் மனைவி, என் மைனி, கவனித்துவிட்டாள்.

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுக்களையில் நின்றபடி பானை மூடியைக் கீழே போடுவாள், ஓடி வந்து பிள்ளையை எட்டிப் பார்ப்பாள், திரும்பிப் போவாள், மறுபடியும் போடுவாள். அம்மைக்கு எரிச்சல் தாங்காது. "வீட்டுல உள்ள பாத்திரத்த எல்லாம் ஒடைக்கணும்னு நேர்ச்சையா? ஆம்பிளப் பிள்ள எல்லாம் சத்தத்துக்குத் தாமசமாத்தான் திரும்பும்." மைனி விடவில்லை. அண்ணனை அரித்தெடுத்து, திங்கட்கிழமை நாகர்கோவில் டாக்டரிடம் போவதாக முடிவு செய்துவிட்டாள்.

அதற்கு முந்தின நாள் நான் என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டினேன். எங்கள் பத்தாயம் இடுப்பளவு உயரமுள்ள மர நெல்பெட்டி; மேற்பலகையில் ஆள் படுத்து உறங்கலாம். அறுவடைக்கு முந்தின காலம் என்பதால் நெல் அடிவரை தீர்ந்திருந்தது. பிள்ளையை மேலே உட்கார்த்தி மைனி பிடித்துக்கொண்டாள். நான் பின்பக்கமாகக் குனிந்து, நாழியால் பத்தாயத்தில் ஓங்கித் தட்டினேன். சட்டென்று திரும்பினான். மறுபடி தட்டினேன், மறுபடி திரும்பினான்! "கேக்குது, கேக்குது" என்று வீடு முழுக்க ஓடினேன். அம்மை மண்டைக்காட்டு அம்மனுக்குக் காணிக்கை முடிந்து வைத்தாள். அண்ணன் திங்கட்கிழமைப் பயணத்தை விட்டுவிட்டான். மைனி மட்டும், "இன்னும் ஒருக்கத் தட்டு, இன்னும் ஒருக்க" என்று பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாசியில் அறுவடை முடிந்து பத்தாயம் நிறைந்தது. பழையபடி தட்டினேன். பிள்ளை திரும்பவில்லை.

"கள்ளப் பய, வேணும்னே திரும்ப மாட்டங்கான்" என்றேன்.

மைனி பிள்ளையை இடுப்பில் எடுத்துக்கொண்டு, மற்ற உள்ளங்கையைப் பலகையில் பதித்தாள். "ஏட்டி, பலமாத் தட்டு." தட்டினேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கையை எடுத்தாள். "நெல்லு நெறஞ்சு கெடக்கு. பலகை அதிரல்ல. கைக்கு ஒண்ணும் வரல்ல."

எனக்குப் புரியவில்லை. அவனை மர பெஞ்சில் உட்கார்த்தி, பெஞ்சுப் பலகையில் தட்டச் சொன்னாள். திரும்பினான். மண் தரையில் உட்கார்த்தினாள். அவன் முதுகுக்குப் பின்னால் வெண்கல உருளியை நாழியால் அடித்தேன். முற்றத்துத் தென்னையிலிருந்து காக்கைகள் பறந்தன. அவன் கால் பெருவிரலை வாயில் வைக்கும் மும்முரத்தில் இருந்தான்.

மறுநாளே அவனை நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர், பிறவியிலேயே காது கேட்காது என்றார். முன்னாலேயே கொண்டுவந்திருந்தாலும் செய்ய ஒன்றுமில்லையாம். அந்த ஆறுதல் இன்றுவரை என்னிடம் ஒட்டவில்லை. பயணம் தள்ளிப்போன அந்த நாட்களையெல்லாம் என் வாய்தான் தின்றது. வரும் வழியில் அண்ணன் கோட்டாற்றுக் கடையில் பிள்ளைக்குக் குலுக்கி விளையாட ஒரு கிலுக்கு வாங்கினான். வாங்கிய பிறகுதான் அவனுக்கே உறைத்தது. மைனி அதை வாங்கிப் பிள்ளையின் தாடையில் ஒட்டி வைத்துக் குலுக்கினாள். அவன் கெக்கலி கொட்டிச் சிரித்தான் என்று அண்ணன் பிறகு சொன்னான்.

"என்னாலதான் மைனி" என்று அன்று சாயங்காலம் அழுதேன். அவள் நாழியை எடுத்து என் கையில் திணித்தாள். "அழுதா தீருமா? கேக்கல்லேன்னா என்ன மக்கா, அவனுக்கு வருதுல்லா? நீ தட்டு."

தட்டினேன். கதவில், பெஞ்சில், ஒவ்வோர் அறுவடைக்கு முன்பும் காலிப் பத்தாயத்தில். மைனி அவன் கையைத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டு நாள் முழுக்கப் பேசினாள். என்னோடும் அம்மையோடும் பேசாத பேச்சையெல்லாம் அவனோடு பேசினாள்.

மைனி போய்ப் பல வருடமாகிறது. எனக்கும் மூன்று வருடமாகக் காது சுத்தமாக இல்லை. எல்லோரும் குனிந்து வாயைத் திறந்து மூடுகிறார்கள், நான் தலையாட்டுகிறேன். அப்புறம் என்னை விட்டுவிட்டு அவர்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். ஆத்திரமாக வருகிறது. போன வாரமும் அப்படித்தான், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தேன். கட்டில் பலகை வழியாக விலா எலும்பில் ஒரு தட்டு வந்தது. பிறகு இன்னொன்று.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. சட்டென்று திரும்பினேன். தலை முழுக்க நரைத்த அண்ணன் மகன், கையில் நாழியோடு, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.