குங்குமம் வைத்த சர்வரும் திறந்து கிடந்த லாகினும்

விஜயதசமி அன்று காலை பத்தரை மணிக்கு, கஸ்டம்ஸ் நிறுத்தி வைத்திருந்த ஒரு கன்டெய்னர் எங்கள் யார்டு கேட்டைத் தாண்டிப் போய்விட்டது. அதற்குக் கம்ப்யூட்டரில் முறையாக கேட் பாஸ் போடப்பட்டிருந்தது. போட்டவர் பெயர் என்று காட்டியது ஏழுமலை.

2000-க்குப் பிறகு இரண்டு மூன்று வருடங்கள் போயிருக்கும். திருவொற்றியூரில் ஒரு தனியார் கன்டெய்னர் யார்டில் நான் சிஸ்டம் அட்மின். பிளஸ் டூவும் ஒரு வருட கம்ப்யூட்டர் கோர்சும்தான் என் படிப்பு. மற்றதெல்லாம் கையைச் சுட்டுக்கொண்டு கற்றது. இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கேட் பாஸ் சாஃப்ட்வேர் ஓர் அப்ளிகேஷன் சர்வரில் ஓடியது. பெயரையும் பாஸ்வேர்டையும் சரிபார்ப்பது லாகின் மாட்யூல்கள். அவற்றை ஒரு ஃபைலில் வரிசையாக எழுதி வைப்போம். பக்கத்தில் 'ரிக்வயர்டு' என்று போட்டால் அந்தச் சோதனையில் தேறியே ஆக வேண்டும். 'சஃபிஷியன்ட்' என்று போட்டால் அது ஒன்றில் தேறினாலே போதும், அடுத்ததைக் கேட்காமல் உள்ளே விட்டுவிடும்.

மூன்று வாரம் முன்பு ஒரு சோதனைக்காக, என்ன பாஸ்வேர்டு போட்டாலும் சரி என்று சொல்கிற டெஸ்ட் மாட்யூல் ஒன்றை அந்த ஃபைலில் முதல் வரியில் சேர்த்து 'சஃபிஷியன்ட்' போட்டேன். ஞாயிற்றுக்கிழமை யாரும் இல்லாதபோது சோதித்துவிட்டு எடுத்துவிடலாம் என்று எண்ணம். அந்த ஞாயிறு மகளுக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்ததில் அந்த வரியை மறந்தே போனேன்.

சர்வர் அந்த ஃபைலை ஸ்டார்ட் ஆகும்போது மட்டும்தான் படிக்கும். எங்கள் சர்வரை ஆயுத பூஜைக்குத்தான் நிறுத்துவோம். கிரேன், ஃபோர்க்லிஃப்ட் எல்லாம் கழுவிப் பொட்டு வைக்கும்போது அதற்கும் ஒரு நாள் ஓய்வு. நானே துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மறுநாள் காலை வடிவுடையம்மனை நினைத்துக் கும்பிட்டு ஆன் செய்தேன். என் மறதியையும் சேர்த்துத்தான் ஆன் செய்திருக்கிறேன்.

மேனேஜர் ஏழுமலையைக் கூப்பிட்டு நிறுத்தினார். கொருக்குப்பேட்டைக்காரர், பதினைந்து வருட கேட் கிளார்க்.

"நான் போடல சார். டீ குட்ச்சிகினு இருந்தேன்."

"கம்ப்யூட்டர் பொய் சொல்லுமாய்யா?" என்றவர் என்னைப் பார்த்தார். செக் செய்து சொல்கிறேன் என்றேன்.

சர்வர் ரூமுக்குப் போய் என் பெயரைப் போட்டு, பாஸ்வேர்டுக்கு வாயில் வந்ததை அடித்தேன். திறந்தது. யார் எப்போது உள்ளே வந்தார், யார் விட்டது என்று பதிவாகும் லாகைப் பார்த்தேன். ஏழுமலை பெயருக்கு நேரே, சரி என்று சொன்னது என் டெஸ்ட் மாட்யூல். காலையிலிருந்து யார் வேண்டுமானாலும் உள்ளே போயிருக்கலாம்.

முதலில் அந்த வரியை எடுத்துவிட்டு சர்வரை ரீஸ்டார்ட் செய்தேன். இனி என் தப்புக்கு ஒரே சாட்சி அந்த லாக்தான். அதை அழிக்கும் கமாண்டையும் அடித்துவிட்டேன். என்டர் மட்டும் பாக்கி. கீபோர்டு ஓரத்தில் நான் வைத்த சந்தனம் காய்ந்து கிடந்தது. யாருக்கும் தெரியக்கூடாது தாயே என்று வேண்டப் பார்த்தேன். அப்படி வேண்ட வாய் வரவில்லை. கமாண்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்தேன்.

எண்ணூர் ரோட்டில் எந்நேரமும் நிற்கிற லாரி வரிசையை நாங்கள் திட்டாத நாளில்லை. அன்று அந்த வரிசையில்தான் கன்டெய்னரை ஏற்றிப் போன டிரெய்லர் மாட்டியிருந்தது. செக்யூரிட்டி போய்த் திருப்பிக் கொண்டுவந்தார்கள். பெட்டி வந்ததே தவிர ஏழுமலைக்கு விடிவில்லை. போலீசுக்குப் புகார் டைப் ஆகிக்கொண்டிருந்தது. அவரை செக்யூரிட்டி ரூமில் உட்கார வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"சார், நீ பட்ச்சவரு. மெஷினாண்ட பாத்து சொல்லு சார். நான் போடலன்னு அதுக்குத் தெரியும்ல?"

தெரியும். அதற்கும் எனக்கும் மட்டும் தெரியும். சர்வர் ரூமுக்குத் திரும்பிப் போய், அடித்து வைத்திருந்த கமாண்டை அழித்தேன். லாகைப் பிரின்ட் எடுத்து மேனேஜர் மேஜையில் வைத்தேன்.

"ஏழுமலை போடல சார். இன்னிக்கு யார் என்ன பாஸ்வேர்டு போட்டாலும் திறந்திருக்கும். திறந்து வெச்சது நான்."

அவர் அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். வேலை போச்சு என்றே நினைத்தேன். அதைத் தனியாகப் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, ஏழுமலையை அனுப்பச் சொன்னார். டீ நேரத்தில் கவுன்டரில் வந்து உட்கார்ந்த ஒருவன், சரக்கை வெளியே எடுத்துத் தரும் புரோக்கரின் ஆள், மானிட்டரில் ஒட்டியிருந்த ஏழுமலையின் யூசர் பெயரைப் பார்த்து அடித்து, பாஸ்வேர்டுக்கு எதையோ போட்டுப் பார்த்திருக்கிறான்; திறந்துவிட்டது. டிரெய்லர் டிரைவரை விசாரித்ததில் ஆள் தெரிந்தது; மாலைக்குள் அவனே ஒப்புக்கொண்டான். எனக்கு மெமோ கிடைத்தது. ஆறு மாதத்துக்கு, பக்கத்தில் இன்னொரு ஆள் இல்லாமல் சர்வரைத் தொடக்கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

ஏழுமலை வெகுநாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த விஜயதசமி காலை குங்குமத் தட்டோடு சர்வர் ரூம் வாசலில் வந்து நின்றார்.

"சார், மொதல்ல தப்பு பாஸ்வேர்டு போட்டுப் பாரு. அப்பால சாமி கும்புடு."

போட்டேன். உள்ளே விட முடியாது என்று திரையில் வந்தது. அவர் தட்டை நீட்டினார்.

சரியான பாஸ்வேர்டு திறக்கிறதா என்று எல்லோரும் பார்ப்பார்கள். தப்பான பாஸ்வேர்டைத் தள்ளுகிறதா என்று பார்ப்பதுதான் நம் வேலை. ரிட்டயர் ஆகும் வரை எந்த சர்வரை ஸ்டார்ட் செய்தாலும், அது என்னை உள்ளே விட மறுத்த பிறகுதான் கற்பூரம் ஏற்றினேன்.