சவுக்குத் தோப்புக்கு வந்த துபாய் தீர்ப்பு

விழுப்புரத்தில் ஒரு பெண் வக்கீலிடம் குமாஸ்தாவாக இருக்கிறேன். அன்றன்று நடந்ததை அன்றே டைரியில் எழுதிவிடுவது வழக்கம். எந்தக் கட்சிக்காரருக்கும் ஒரு பக்கத்துக்கு மேல் போனதில்லை. கோட்டக்குப்பத்திலிருந்து வந்த ஓர் அம்மாவைப் பற்றி மட்டும் ஏழு பக்கம் இருக்கிறது.

அவர் வீட்டிலேயே துணி தைப்பவர். துபாயில் கட்டட வேலை பார்த்த கணவர் சாரத்திலிருந்து விழுந்து இறந்துபோனார். அவரை அழைத்துப்போன ஒப்பந்ததாரர் திண்டிவனத்துப் பக்கத்துக்காரர். இரு தரப்பையும் விசாரித்த துபாய் நீதிமன்றம், ஒப்பந்ததாரர் நஷ்டஈடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதற்குள் அவர் அங்கே கடையைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பிவிட்டார். அவர் பெயரில் மிஞ்சியிருந்தது ஒரு சவுக்குத் தோப்பு. அதையும் விற்க முன்பணம் வாங்கிவிட்டார் என்று பேச்சு. பத்திரப்பதிவுக்கு முன் ஜப்தி செய்யாவிட்டால் இந்த அம்மாவுக்குக் கிடைத்த தீர்ப்பு வெறும் காகிதம்.

"துபாய் தீர்ப்பு இங்க செல்லுமாண்ணே?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

செல்லும். அந்த நாட்டுத் தீர்ப்புகளை நம் மாவட்ட நீதிமன்றமே தன்னுடைய தீர்ப்புப் போல நிறைவேற்றலாம் என்று அரசு சில ஆண்டுகளுக்கு முன் அறிவித்திருக்கிறது. ஆனால் தீர்ப்பின் சான்றிட்ட நகலோடு, அது இன்னும் நிறைவேறவில்லை என்று அந்த நீதிமன்றமே தரும் சான்றும் வேண்டும்.

"அது வர நாளாகும்மா" என்றேன்.

"ரெண்டாவது தாள் அதாண்ணே. எங்க வூட்டுக்காரரு கூட ரூம்ல இருந்தவரு மூணு தரம் அலைஞ்சி வாங்கி அனுப்புனாரு. மேடம் போன்ல சொன்னதுமே எழுதி வெச்சிக்கினேன்."

அரபு மூலம், ஆங்கில மொழிபெயர்ப்பு, முத்திரைகள் எல்லாம் வரிசையாக இருந்தன. பின் குத்தவில்லை; ஓரத்தை வெள்ளை நூலால் தைத்திருந்தார். ஒரு தாள்கூட நகரவில்லை.

மறுநாள் மனுவைத் தட்டச்சு செய்து அவரிடம் கொடுத்தேன். கையெழுத்துப் போடச் சொன்னால் பெரும்பாலானோர் போட்டுவிடுவார்கள். இவர் விரலை வரிமேல் வைத்துக்கொண்டே படித்தார். சொத்து விவரம் வந்ததும் விரல் நின்றது.

"அண்ணே, இது பழைய சர்வே நம்பருங்க."

"பத்திரத்துல இருக்கறதுதாம்மா."

"பத்திரம் அந்த காண்ட்ராக்டரு அப்பா காலத்துது. அவரும் அவரு அண்ணனும் பிரிச்சிக்கினாங்க. அண்ணன்து மல்லாட்டைக் கொல்லை, தம்பிது சவுக்குத் தோப்பு. நீங்க ரெண்டையும் சேத்து எழுதிட்டீங்க."

"உங்களுக்கு யார் சொன்னது?"

"போன வாரம் பஸ் ஏறிப் போய்ப் பாத்துக்கினு வந்தேன்."

எனக்குக் கோபம்தான் வந்தது. மூலப்பத்திரத்தைப் பார்த்தே சொத்து விவரம் எழுதிப் பழகியவன் நான். பட்டாவை எடுத்துப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. சர்வே எண் இரண்டாகப் பிரிந்திருந்தது. அப்படியே தாக்கல் செய்திருந்தால் அண்ணன் நியாயமாகவே ஆட்சேபிப்பார். அதை விசாரித்து முடிக்க ஆண்டுகள் ஆகும்.

"வழக்கு இழுத்திருக்கும்மா. நல்லவேளை" என்றேன்.

"அது மட்டும் இல்லண்ணே. தம்பி செஞ்சதுக்கு அண்ணன் மண்ணு ஏன் மாட்டிக்கணும்?"

டைரியில் 'என் தவறு' என்று சிவப்பு மையில் எழுதினேன்.

திருத்திய மனுவின் பேரில் இடைக்கால ஜப்தி உத்தரவு கிடைத்தது. அதை இடத்திலேயே அறிவித்து ஒட்டும் நீதிமன்ற அமீனா, அந்த அம்மா, நான் மூவரும் திண்டிவனம் பேருந்து நிலையத்தில் ஸ்பீக்கர் கட்டிய ஆட்டோவில் ஏறினோம்.

"முன்ன தமுக்கு அடிப்போம். இப்ப இதான். நேத்து இதுல மீன் வித்துக்கினு இருந்தாரு" என்றார் அமீனா.

"கோர்ட்டுன்னா வாடகை ஜாஸ்தி சார்" என்றார் ஆட்டோக்காரர்.

தோப்பருகே ஆட்டோ நின்றதும், நிலக்கடலை போட்டிருந்த பக்கத்து மல்லாட்டைக் கொல்லையிலிருந்து ஒருவர் மண்வெட்டியோடு ஓடி வந்தார். ஒப்பந்ததாரரின் அண்ணன்.

"யாரு நெலத்துல இன்னாத்த ஒட்டப் போறீங்க? துபாய் கோர்ட்டுக்கு எங்க ஊருக்கு வழி தெரியுமா?"

"தெரிஞ்சிதாங்க ஆட்டோ புடிச்சி வந்திருக்குது" என்றார் அமீனா.

அந்த அம்மா முன்னால் போய் உத்தரவின் நகலை நீட்டினார். "ஒங்க மண்ணு இதுல இல்லண்ணே. படிச்சிப் பாருங்க."

அவர் உதடு அசைய இரண்டு முறை படித்தார். மண்வெட்டியைக் கீழே வைத்தார். "செத்துப்போனவரு சம்சாரம் நீதானாம்மா?"

"ஆமாண்ணே."

"சேத்து எழுதியிருந்தா நானும்தான் கோர்ட்டு வாசல்ல நின்னிருப்பேன்."

"தெரியும்ணே."

அமீனா ஸ்பீக்கரில் உத்தரவைப் படித்தார். ஐந்தாறு பேர் கூடினார்கள். முதல் சவுக்கு மரத்தில் நகலை ஒட்டியபின், ஜப்தி நடந்ததற்கு உள்ளூர்க்காரர் இருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். கூட்டம் கலையத் தொடங்கியது. ஊர்க்காரனுக்கு எதிராக யார் போடுவார்கள்? ஒருவருக்கு மாடு ஞாபகம் வந்தது. ஒருவர் கண்ணாடி கொண்டுவரவில்லை. அந்த அம்மா யாரையும் கெஞ்சவில்லை. வெயிலில் அப்படியே நின்றார்.

"பேனாவக் குடுங்க சார்" என்றார் அண்ணன்.

"ஒந் தம்பி சும்மா வுடுவானாய்யா?" என்று யாரோ கேட்டார்.

"திட்டுவான். திட்டிட்டுப் போறான்."

ஆட்டோவின் முன்பக்கத்தில் தாளை வைத்து, நிதானமாக முழுப்பெயரும் எழுதிக் கையெழுத்திட்டார். கண்ணாடி கொண்டுவராதவர் அடுத்து வந்து போட்டார்.

அன்று மாலை அலுவலகம் மூடுமுன் சார்பதிவாளரிடம் உத்தரவைச் சேர்த்தோம். பணம் வர இன்னும் பல வாய்தாக்கள் இருக்கின்றன. ஆனால் அந்தத் தோப்பு இனி யாருக்கும் கைமாறாது.