சத்தம் வராத அழைப்பு

ஆஸ்பத்திரியில் என் அண்ணனுக்கு வைத்த பெயர் ‘ஹலோ’. நானும் அங்கேதான் நர்ஸ் என்பதால் ‘ஹலோ தங்கச்சி’ என்ற பட்டம் எனக்கு இலவசமாகக் கிடைத்தது. மூன்றாம் மாடியில் உள்ள வீடியோ அறை அவன் பொறுப்பு. வெளியூரில் இருக்கும் உறவுகளை நோயாளிகள் திரையில் பார்த்துப் பேசும் அறை அது. ஒவ்வொரு அழைப்புக்கும் முன்னால் மைக்கில் ஹலோ ஹலோ என்று கத்துவான், கை தட்டுவான், ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்பான். துளி சந்தேகம் வந்தாலும் எல்லாவற்றையும் அணைத்து, வயரைப் பிடுங்கி, முதலிலிருந்து ஆரம்பிப்பான். வீட்டிலும் அதே தொண்டைதான். “நான் பக்கத்துலதான் உக்காந்திருக்கேன், பக்கத்துத் தெருவுல இல்ல” என்பார் அண்ணி.

வேலையில் அவனைக் குறை சொல்ல முடியாது. அதுதான் வினையாகப் போனது.

என் வார்டில் ஒரு பெரியவர் இருந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். நுரையீரல் கெட்டு, நாளை எண்ணிக்கொண்டிருந்தார். ஒரே மகன், கல்யாண விஷயத்தில் சண்டை போட்டு வீட்டைவிட்டுப் போனவன். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. வீம்பில் அப்பனுக்குப் பிள்ளை சளைத்தவனில்லை. நான் இரண்டு பக்கமும் கெஞ்சிக் கூத்தாடி ஒருவழியாகச் சம்மதிக்க வைத்தேன். அவர் கண்ணை மூடுவதற்குள் ஒரு வார்த்தையாவது பேசிவிடட்டும் என்பதுதான் என் தவிப்பு.

அன்று காலை என்னிடம் தாடியை மழித்துவிடச் சொன்னார். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போடச் சொன்னார். சக்கர நாற்காலியில் கொண்டுபோய் விட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நின்றேன். உள்ளே நடந்ததை அண்ணன் பிறகு சொன்னான். மகன் திரையில் வந்தான், தலை குனிந்தபடி. பெரியவரும் வாய் திறக்கவில்லை. சத்தத்தைக் காட்டும் பச்சைக் கோடு அசையவில்லை, திரையிலும் அசைவில்லை. சற்றுமுன் நன்றாக இருந்த கருவி சிக்கிக்கொண்டது என்று அண்ணன் நினைத்துவிட்டான். அவன் புத்தி வேறெங்கே போகும்? எல்லாவற்றையும் அணைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தான்.

கருவி மறுபடி எழுவதற்குள் பெரியவருக்கு மூச்சுத் திணறியது. வார்டுக்குத் தள்ளிக்கொண்டு ஓடினோம். திரும்பவும் திரைக்கு வந்த மகன் பார்த்தது வெறும் அறையைத்தான். அப்பா கோபத்தில் அழைப்பைத் துண்டித்துவிட்டுப் போய்விட்டார் என்று அவன் நினைத்தான். பெரியவர் பிறகு கண் விழிக்கவே இல்லை. சாயங்காலம் போய்விட்டார். பெற்ற அப்பாவை இழந்ததுபோல் அழுதேன் நான்.

சாவுச் செய்தி மகனுக்குப் போன பிறகு, அண்ணன் தன் போனிலிருந்தே அவனைக் கூப்பிட்டான். “தம்பி, அப்பா கட் பண்ணலப்பா. நான்தான் பண்ணேன். மெஷின் கெட்டுப்போச்சுன்னு நெனச்சுட்டேன்.”

மகன் நம்பினான். வெகுநேரம் அழுதான். பிறகு கேட்டான்: “அண்ணே, நான் குனிஞ்சே இருந்துட்டேன். அவரைப் பாக்கத் தைரியம் வரல. அவரு என்னைப் பாத்தாரா?”

“தெரியலப்பா. நான் மெஷினைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்.”

பக்கத்தில் நின்ற எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. போனை வைத்ததும் அண்ணனைப் பிடித்துக்கொண்டேன். “பாத்தாருன்னு சொன்னா குடியா முழுகிடும்? ஒரே ஒரு வார்த்தைண்ணே!”

அண்ணன் படிக்கட்டில் உட்கார்ந்தான்.

“சொல்லத்தான் வாயெடுத்தேன். அந்தப் பெரியவர் முகமே எனக்கு ஞாபகம் வரலம்மா.”