உப்புக் கரிக்காத கடல்

சொகுசுக் கப்பலில் வேலை என்றதும் எல்லோரும் என்னைக் கடற்காற்று வாங்குகிறவனாக நினைத்துக்கொள்கிறார்கள்; நான் இருப்பதோ கடல் மட்டத்துக்கும் கீழே, ஜன்னலே இல்லாத இயந்திர அறையில், கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் மிஷினுக்குப் பக்கத்தில்.

சொந்த ஊர் திருச்செங்கோட்டுப் பக்கம். டிப்ளமோ முடித்துவிட்டு ரிக் வண்டியில், அதாவது போர்வெல் போடுகிற லாரியில், கம்ப்ரசர் மெக்கானிக்காக ராஜஸ்தான் வரைக்கும் சுற்றியவன். ஊர் ஊராகப் போய் பூமியைத் துளைத்து, பாதி இடங்களில் வெறும் புழுதியைக் கிளப்பிவிட்டு வந்திருக்கிறேன். என் சொந்த வீட்டுப் போரிலும் புழுதிதான். ஆகவே, கடன் வாங்கிப் போர் போட்டுப் புகையைப் பார்த்தவர்களே, டேங்கர் லாரி ஹாரன் கேட்டதும் குடத்தோடு ஓடியவர்களே, நான் சொல்லப்போவது உங்களுக்குத்தான் புரியும்.

கப்பலுக்கான பயிற்சியை முடித்து, நூறு சொச்சம் பயணிகள் மட்டும் போகிற ஒரு சின்னக் கப்பலில் எனக்கு இடம் கிடைத்தது. என் மனைவி சுமதி அதுவரை கடலைக் கண்ணால் பார்த்ததில்லை. அவளுடைய அண்ணன் புதிதாக ஒரு ரிக் வண்டி வாங்கி, மெக்கானிக் வேலையை எனக்காகவே காலியாக வைத்திருந்தார். கிளம்பும்போது சுமதி கறாராகச் சொல்லிவிட்டாள்: "இந்த ஒருக்கா போயிட்டு வாங்க. கப்பல் கொச்சிக்கு வாரப்ப நானே வந்து பாப்பேன். மனசுக்கு ஒப்பலீன்னா கையோட கூட்டீட்டு வந்துருவேன், ஆமா."

முதல் டம்ளர்

மிஷினை எனக்கு முதலில் காட்டியவன் ஜோயல். பிலிப்பைன்ஸ்காரன், என் ஷிஃப்ட் கூட்டாளி. பீரோ உயரத்துக்கு ஓர் இரும்புக் கலம், அதில் வட்டமாக ஒரு கண்ணாடி. எட்டிப் பார்த்தால் உள்ளே கடல் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. தொட்டுப் பார் என்றான். பயந்துகொண்டே தொட்டேன். குளிக்க விளாவி வைத்த வெந்நீர்ச் சூடுதான் இருந்தது. உள்ளே இருக்கிற காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டால், கொஞ்சம் சூட்டிலேயே தண்ணீர் கொதித்துவிடும். அந்தச் சூடும் கப்பல் எஞ்சினில் வீணாகப் போகிற சூடு. ஆவி மேலே போய்க் குளிர்ந்து நல்ல தண்ணீராகிறது, உப்பு திரும்பவும் கடலுக்கே போகிறது. நான் படித்த பாடம்தான். இருந்தாலும் கண்ணெதிரே பார்த்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது. ஆயிரம் அடி துளைத்தும் கிடைக்காதது இங்கே நின்ற இடத்தில் ஊறிக்கொண்டிருந்தது. ஊருக்குத் திரும்பிப்போக எனக்கு மனசே வராது என்பது அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

மருந்து கலந்து சுத்தமாகி வருகிற குழாயைத் திறந்து, ஜோயல் ஒரு டம்ளர் பிடித்து நீட்டினான். நான் வாங்கவில்லை. எங்கள் ரிக் வண்டியில் ஒரு வழக்கம் உண்டு. போரில் தண்ணீர் பீய்ச்சினால் முதல் வாய் அந்த வீட்டுக்காரருக்குத்தான். அவர் குடித்து, "நல்ல தண்ணி" என்று வாயால் சொன்ன பிறகுதான் நாங்கள் தொடுவோம். பழக்க தோஷம், கை தானாகப் பின்னால் போய்விட்டது. தெரிந்த இங்கிலீஷில் காரணத்தைச் சொன்னேன். ஜோயல் என்னைப் பார்த்தான், டம்ளரைப் பார்த்தான், பிறகு கேட்டான்:

"இந்தக் கப்பலோட முதலாளியை நானே பார்த்ததில்லை. அவர் வர்ற வரைக்கும் நீ தாகத்தோட இருக்கப் போறியா?"

ரோஜா இதழ் மிதந்த தொட்டி

ஒரு பயணியின் அறையில் குழாய் ஒழுகுகிறது என்று ஸ்பேனரோடு அனுப்பினார்கள். இங்கிலாந்துப் பாட்டியம்மா ஒருவர், தனியாக வந்தவர், தங்கமான மனுஷி. குளியல் தொட்டி நிறையத் தண்ணீர், மேலே ரோஜா இதழ்கள். நான் குழாயைச் சரிசெய்து முடித்த நேரத்தில் கப்பலில் அவருக்குப் பழக்கமான ஒரு தோழி டீ குடிக்க வரச்சொல்லி போன் செய்தார். பாட்டியம்மா சரி என்று சொல்லிவிட்டு, தொட்டிக்குள் கையை விட்டு அடைப்பானைப் பிடுங்கிவிட்டார்.

எங்கள் வீட்டில் சுமதி, குழந்தையை அகலமான பேசினுக்குள் நிறுத்திக் குளிப்பாட்டி, அந்தத் தண்ணீரை அப்படியே தூக்கிப்போய் முருங்கைக்கு ஊற்றுவாள். இங்கே ஒரு சொட்டும் மேலே படாமல் ஒரு தொட்டித் தண்ணீர் சுழன்று சுழன்று இறங்குகிறது. அது நான் காய்ச்சிக் கொடுத்த தண்ணீர் வேறு. நகர முடியாமல் அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன். உங்களில் யாராக இருந்தாலும் நின்றிருப்பீர்கள். பாட்டியம்மா பதறிப்போனார்.

"உள்ளே ஏதாவது விழுந்துவிட்டதா? மோதிரமா? உடனே சொல்லுங்கள், அடைத்துவிடுகிறேன்!"

யாரும் குடம் வைக்காத அருவி

நார்வேயில் மலைகளுக்கு நடுவே கடல் ஆறு மாதிரி உள்ளே புகுந்து போகிறது. அதற்குள் கப்பல் மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தபோது, எனக்கு ஓய்வு நேரம். மேல்தளத்துக்கு வந்தேன். மலை உச்சியிலிருந்து ஓர் அருவி நேராகக் கடலில் விழுந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் இன்னொன்று, அதற்குப் பின்னால் இன்னொன்று. கப்பலைக் கிட்டத்தில் நிறுத்தியதும் சாரல் முகத்தில் அடித்தது. எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது, கும்பிட்டேன். வெட்கமாகவே இல்லை.

சுமதிக்கு வீடியோ காலில் காட்டினேன். குழந்தையையும் தூக்கி வைத்துக்கொண்டு பார்த்தாள். அப்புறம், "நெம்ப நல்லாருக்குதுங்க. அண்ணன் வண்டி மெக்கானிக் இல்லாம நிக்குது, எப்ப வருவீங்கன்னு கேட்டுட்டே இருக்கறாரு" என்றாள். பார்க்கலாம் என்று மழுப்பினேன். போனை வைத்துவிட்டுத் திரும்பினால், பக்கத்தில் சமையலறை மணியண்ணன். ஆத்தூர்க்காரர், கப்பலில் எனக்கு இருந்த ஒரே தமிழ்த் துணை. அவரும் அருவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஏம்பா, இம்மாந் தண்ணி சும்மா கடல்ல போய் உழுது, ஒருத்தன்கூட கீழ ஒரு கொடத்த வெக்கலியே!"

ஆயுத பூஜை

எங்கள் தலைமை எஞ்சினியர் இத்தாலிக்காரர். 'சீஃப்' என்றுதான் கூப்பிடுவோம். வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு வருவார், குழாய்களை விரலால் தடவி எண்ணெய் ஒட்டுகிறதா என்று பார்ப்பார். ஆயுத பூஜை வந்தது. ரிக் வண்டிக்கு மாலையும் பூசணிக்காயும் இல்லாமல் நான் அந்த நாளைக் கழித்ததே கிடையாது. மணியண்ணனிடம் ஓர் எலுமிச்சம்பழம் வாங்கி மிஷின் காலடியில் வைத்து, பக்கவாட்டில் சின்னதாகச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டேன். அன்றைக்கென்று பார்த்து சீஃப் வந்தார். நேரே குங்குமத்துக்கு முன்னால் நின்றார். தொலைந்தோம், மச்சான் வண்டியிலேயே ஏற வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன். அவர் டார்ச் அடித்துப் பொட்டைப் பார்த்தார், குனிந்து பழத்தைப் பார்த்தார், தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று காட்டுகிற மீட்டரை நெடுநேரம் பார்த்தார்.

"நேத்தைவிட உப்பு குறைஞ்சிருக்கு. பொட்டு இருக்கட்டும், பழம் சமையலறைக்கே திரும்பிப் போகட்டும்."

கொச்சி

சொன்னபடியே சுமதி வந்துவிட்டாள், மகள் யாழினியையும் இடுப்பில் வைத்துக்கொண்டு. ஈரோட்டில் ரயில் ஏறி வந்திருந்தாள். குடும்பத்தைக் கொஞ்ச நேரம் அழைத்து வந்து காட்ட சீஃப் அனுமதி கொடுத்திருந்தார். வாசல் கம்பளத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். பியானோ, பளிங்குப் படிக்கட்டு, கண்ணாடி விளக்கு எல்லாம் காட்டினேன். "ம்" என்றாள். அவள் பார்க்க வந்தது இதையல்ல என்று எனக்குத் தெரியும்.

கீழே கட்டுப்பாட்டு அறைக்குக் கூட்டிப்போய், கண்ணாடி வழியாக மிஷினைக் காட்டினேன். துறைமுகத்துத் தண்ணீர் அழுக்கு என்பதால் கரையில் நிற்கும்போது அதை ஓட்டமாட்டோம். கொதிப்பும் இல்லை, சத்தமும் இல்லை, வெறும் இரும்பு டப்பாவாக நின்றது. போனில் அத்தனை நாள் பீற்றிக்கொண்டதெல்லாம் பொய்யாகப் போன மாதிரி இருந்தது. சுமதி மிஷினையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அப்போது ஜோயல் குழாயடிக்குப் போனான். முந்தின நாள் நடுக்கடலில் காய்ச்சிய தண்ணீரில் ஒரு டம்ளர் பிடித்தான். என்னைத் தாண்டிப் போய் இரண்டு கையாலும் அதைச் சுமதியிடம் நீட்டி, "முதலாளி வந்தாச்சு" என்றான். நான் தமிழில் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அண்ணாந்து ஒரு வாய் ஊற்றிக்கொண்டு, உப்புக் கரிக்குமா என்று காத்திருந்தாள். பிறகு பாதி டம்ளரைக் குடித்துவிட்டு, மீதியைக் குழந்தைக்குப் புகட்டினாள். சிந்திய சொட்டை உள்ளங்கையில் பிடித்து யாழினியின் தலையில் தடவினாள். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான், சொல்வதற்கென்ன.

"நல்ல தண்ணிங்க. அண்ணனை வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிப்போடறேன், நீங்க இங்கயே இருங்க. ஆனா லீவுல ஊட்டுக்கு வந்தா டேங்கருக்கு நீங்கதான் கொடத்தத் தூக்கீட்டுப் போகோணும்."

கடலையே காய்ச்சிக் கப்பல் நிறையக் குடிதண்ணீர் கொடுக்கிற நான், லீவு விட்டால் எங்கள் தெரு முனையில் குடத்தோடுதான் நிற்கிறேன், முன்னால் நிற்பவர் நீங்களாக இருந்தால் கொஞ்சம் தள்ளி நின்று இடம் கொடுங்கள்.