முதல் சொல்

கிஸ்பஸ் என்றால் "பெண் போதும்" என்று அர்த்தம். ஐந்தாவதும் பெண்ணாகப் பிறந்ததில் வெறுத்துப்போன அப்பா வைத்த பெயர். அந்தப் பெயருக்கு அவள் கொடுத்த ஒரே பதில் மகன் ரொவ்ஷன். தொண்ணூற்று மூன்றில் போருக்குப் போனான். பிணமும் வரவில்லை, கடிதமும் வரவில்லை.

மிங்கச்செவிர் ஊரில் எங்கள் ஐந்து மாடிக் கட்டடத்தில் அவள் வீடும் என் வீடும் எதிரெதிர் கதவு. நூல் மில் வேலை போன பிறகு பஸ் நிலையத்தில் சூரியகாந்தி விதை வறுத்து விற்றாள். ஜனவரி இருபதாம் தேதி ஊரே சிவப்புப் பூக்களோடு தியாகிகளின் கல்லறைக்குப் போகும். அவளையும் கூப்பிடுவார்கள்.

"நான் எதுக்கு வரணும்? எம்புள்ள உசுரோட இருக்கான்" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்வாள். சாவு வீட்டு வாசலையும் மிதிக்க மாட்டாள். சாவு அவளோடு ஒட்டிக்கொண்டு வந்து மகனைத் தொட்டுவிடுமாம்.

மார்ச்சில் வரும் வசந்தப் பண்டிகையான நவ்ரூஸுக்கு முந்தைய கடைசிச் செவ்வாய், தெருவில் தீ மூட்டும் நேரத்தில், மனதில் ஒன்றை நினைத்துக்கொண்டு கையில் சாவியோடு அடுத்த வீட்டுக் கதவில் காது வைப்பது எங்கள் வழக்கம். உள்ளேயிருந்து காதில் விழும் முதல் சொல்தான் பலன். அதனால் அன்று எந்த வீட்டிலும் கெட்ட பேச்சு பேச மாட்டோம். கிஸ்பஸ் வருஷம் தவறாமல் என் கதவுக்குத்தான் வருவாள். கதவடியில் அவள் செருப்பின் நிழல் தெரிந்ததும், "வழியில இருக்கானாம், வந்துடுவானாம்" என்று ஏதாவது உரக்கச் சொல்வேன். இருபத்தைந்து வருஷம் சொன்னேன். அவளை நடமாட வைத்திருப்பதே என் வாய்தான் என்று உள்ளூர ஒரு கர்வம்கூட உண்டு.

இருபத்தைந்தாவது வருஷ இலையுதிர் காலத்தில் என் கணவர் போனார். சாவுக்குப் பின் வரும் முதல் பண்டிகையைக் கருப்புப் பண்டிகை என்போம். அன்று அக்கம்பக்கம் வந்து உட்கார்ந்து துக்கத்தைப் பங்குபோட வேண்டும். ஜனவரி முதல் தேதிப் புத்தாண்டன்று கட்டடமே வந்தது. நாலடி தூரத்தில் இருந்தவள் மட்டும் கதவைத் திறக்கவில்லை. பன்னிரண்டு வருஷம் அவள் விதை மூட்டையை என் கணவர்தான் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். எனக்கு வயிறு எரிந்தது.

மார்ச்சில் அந்தக் கடைசிச் செவ்வாய் வந்தது. மகள் சோல்மாஸ் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கதவடியில் நிழல். சோல்மாஸ் என்னைப் பார்த்துச் சிரித்து, நல்லதாக ஒன்று சொல்ல வாயெடுத்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"செத்தவன் எங்கடி வரப்போறான்? எலும்பு மக்கி எத்தனை வருஷமாச்சு!"

வேண்டுமென்றேதான் சொன்னேன். வெளியே சாவி கீழே விழுந்தது. சோல்மாஸ் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த நிமிஷம் எனக்கு இனித்தது. பொய் சொல்ல மாட்டேன்.

நவ்ரூஸ் அன்று காலை கிஸ்பஸ் வீட்டுக் கதவு விரியத் திறந்திருந்தது. பண்டிகைக்காக வளர்த்த முளைவிட்ட கோதுமைத் தட்டிலிருந்த சிவப்பு நாடாவை அவிழ்த்துவிட்டுக் கருப்பு நாடா கட்டியிருந்தாள். மேஜையில் சாவு வீட்டில் வைக்கும் அல்வா. என் கதவைத்தான் முதலில் தட்டினாள்.

"துர்ரா, வா. என் வீட்ல இன்னிக்குக் கருப்புப் பண்டிகை. நீதான் முதல்ல வரணும்."

போனேன். மற்றவர்களும் வந்தார்கள். "அப்பாடா, இப்பவாவது ஒத்துக்கிட்டாளே" என்று மூன்றாம் மாடிக்காரி அல்வாவை மென்றபடி என் காதில் சொன்னாள்.

குர்ஆன் ஓத வந்திருந்த அம்மாள் வருஷ நினைவுக்குத் தேதி கேட்டாள். "புள்ள என்னிக்குப் போனான்னு தெரியுமாம்மா? இல்லேன்னா நாமளே ஒரு நாளைக் குறிச்சுக்கலாம்."

"தெரியுமே" என்றாள் கிஸ்பஸ். "போன செவ்வாக்கெழம சாயங்காலம். இவ வீட்டு வாசல்ல."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். கிஸ்பஸ் எழுந்து வந்து என் கோப்பையை நிரப்பினாள்.

"சர்க்கரை எடுத்துக்கோ, துர்ரா" என்றாள்.