பார்த்தும் சொல்லாத இரண்டு நாட்கள்

சென்ற ஆண்டு சிங்கப்பூரில், லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில், கட்டுமானத் திட்டமிடலும் செலவுக் கட்டுப்பாடும் பகுதிநேரமாகப் படித்துக்கொண்டிருந்தேன். ஞாயிறு காலை வகுப்பு. கட்டுமான நிறுவனம் ஒன்றின் அலுவலகத்தில் வேலை பார்க்கும் எனக்கு, இதில் நல்ல மதிப்பெண் வாங்கினால்தான் திட்டமிடல் பிரிவுக்கு மாற்றம் கிடைக்கும். தோ பாயோவில் பிறந்து வளர்ந்தவள், ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு. முதலிடம் எனக்குத்தான் என்று நினைத்திருந்தேன்.

அந்த நினைப்பில் மண்ணைப் போட்டார் ஒருவர். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து, பூன் லே அருகே விடுதியில் தங்கிக் கட்டட வேலை பார்ப்பவர். ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வரும். ஆனால் எதைக் கேட்டாலும் விடை அவரிடம் இருக்கும். ஆசிரியர் அவரைப் பாராட்டும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். ஆறு நாள் வெயிலில் நிற்கிறவருக்குப் படிக்க எங்கே நேரம் கிடைக்கிறது என்று வீட்டில் கணவரிடம் புலம்புவேன்.

கடைசிப் பயிற்சி, அடுத்த ஆண்டு எழும்பப்போவதாக வைத்துக்கொண்ட நான்கு மாடிக் கட்டடம் ஒன்றுக்கு நாள்வாரியாக வேலை அட்டவணை போடுவது. ஒப்படைக்கும் முன் ஒருவருடையதை இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அவருடையது என்னிடம் வந்தது, என்னுடையது அவரிடம் போனது.

மூன்றாம் மாடிக்குக் கான்கிரீட் ஊற்ற அவர் குறித்திருந்த இரண்டு நாட்களும் அடுத்த ஆண்டின் சீனப் புத்தாண்டு விடுமுறை. அது ஆண்டுக்கு ஆண்டு தேதி மாறும்; நடப்பு ஆண்டின் தேதியை மனத்தில் வைத்துப் போட்டுவிட்டார் போல. அன்றைக்கு எந்தக் கான்கிரீட் லாரி வரும்? பார்த்ததும் எனக்குள் அப்படியொரு குளிர்ச்சி. ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டேன்.

இடைவேளையில் அவர் என் தாள்களோடு வந்தார். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், “அக்கா, கோவிச்சுக்காதீங்க. கான்கிரீட் போட்ட மறுநாளே கீழ தாங்குற முட்டக் கழட்டுற மாதிரி போட்டிருக்கீங்க. ஸ்லாப் இறங்கிடும்க்கா. கீழ நிக்கிறது எங்க ஆளுங்கதான்” என்றார்.

வெறும் பயிற்சித் தாள்தான். அதற்குள்ளும் அவர் கண்ணுக்கு ஆட்கள் தெரிந்திருக்கிறார்கள். எனக்கு மதிப்பெண்ணைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. வெட்கத்தில் முகம் சுட்டது.

“உங்க பிளான்லயும் ஒண்ணு இருக்கு. சைனீஸ் நியூ இயர்ல கான்கிரீட் போட்டிருக்கீங்க. நான் பார்த்துட்டுதான் சைன் பண்ணேன்” என்றேன்.

அவர் தன் தாள்களை வாங்கி அந்தப் பக்கத்தைப் புரட்டினார். பிறகு, “பரவால்லக்கா, இன்னும் டைம் இருக்கு லா. மாத்திடலாம்” என்று பென்சிலை எடுத்தார்.

அவர் முதலிடம், நான் இரண்டாமிடம். எனக்கு வேண்டிய மாற்றமும் கிடைத்தது. இப்போது யார் அட்டவணை என் மேசைக்கு வந்தாலும் முட்டு கழற்றும் நாளைத்தான் முதலில் பார்க்கிறேன். பொறாமை போய்விட்டது என்று சொன்னால் அது பொய். அவருடைய மதிப்பெண் மீது இருந்தது, இப்போது அவருடைய மனத்தின் மீது இருக்கிறது.